அந்த ஒரு போனைப் போடாதீங்க!

(மாவட்ட மகளிர் அணியும் இளைஞர் அணியும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் நம் வழக்கறிஞர் அணி சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள், உங்கள் கிளை வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள்.)





இன்னைக்கு அடுத்த கட்சிக்காரங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசப் போறதில்லை. நம்மைப் பத்தித்தான் பேசப் போறேன். கைதட்டல் குறைஞ்சாலும் பரவாயில்லை.

நம்ம ஊர்ல அடிக்கடி நடக்கிற ஒண்ணு. ஒரு பொண்ணு காலேஜுக்கோ கம்பெனிக்கோ போய் வருது. ஒருத்தன் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிறான். வண்டியில் பின்னாலேயே வர்றான். எங்கிருந்தோ நம்பரை வாங்கி மெசேஜ் போடறான். வேண்டாம்னு சொல்லியாச்சு, கேட்கலை. பிளாக் பண்ணியாச்சு, வேற நம்பர்ல வர்றான். வீட்டில் தயங்கித் தயங்கிக் கடைசியில் அப்பாவும் அண்ணனும் அந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போறாங்க. மனுவை வாங்கிக்கிட்டு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுக்கிறாங்க. அந்தப் பையனையும் வரச் சொல்றாங்க.

அப்பத்தான் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போகுது. "மேடம், நம்ம பையன்தான். தெரியாமப் பண்ணிட்டான். படிப்பு வீணாப் போயிடும். எழுதி வாங்கிட்டு விட்டுடுங்க."

போட்டது யாரு? ஏதோ ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். இல்லைன்னா கவுன்சிலர். இல்லைன்னா ஒன்றியத்தில் பெரிய பேர் எடுத்த ஒருத்தர். எல்லாக் கட்சியிலும் அந்த ஆள் இருக்கார். நம்ம கட்சியிலும் இருக்கார். அவர் கெட்டவர்னு நான் சொல்லலை. நாலு பேருக்கு உதவி பண்றதா நினைச்சுத்தான் போடறார். ஆனா அந்த ஒரு போன் சட்டத்தில் என்ன வேலை செய்யுதுன்னு அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடுமையை நாடே மறக்கலை. அதுக்கு அப்புறம் நீதிபதி வர்மா தலைமையில் ஒரு குழு போட்டாங்க. 2013-ல் சட்டத்தைத் திருத்தினாங்க. அப்பத்தான் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-டி என்ற பிரிவு வந்தது. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லைன்னு தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தால், தொடர்புகொள்ள முயன்றால், இணையத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று கண்காணித்தால் அது குற்றம். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே குற்றம் 78-வது பிரிவில் இருக்கு.

தண்டனையைக் கவனிங்க. முதல் தடவை தண்டனை என்றால் மூன்று ஆண்டு வரை சிறை; ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இரண்டாவது தடவை அல்லது அதற்கு மேல் என்றால் ஐந்து ஆண்டு வரை. அப்போது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது. முதல் தடவை தப்பு பண்ணினவனுக்குத் திருந்த ஒரு வாய்ப்பு. திருந்தாதவனுக்குக் கடுமை. இதுதான் சட்டம் போட்ட கணக்கு.

இப்ப நம்ம போனுக்கு வருவோம். எழுதி வாங்கிட்டு விட்டாச்சு. எஃப்.ஐ.ஆர். இல்லை. வழக்கு இல்லை. ஆறு மாசம் கழிச்சு அவனே திரும்ப வர்றான், அல்லது வேற ஒரு பொண்ணு பின்னால போறான். சட்டத்தின் கண்ணில் அவன் யாரு? இப்பவும் முதல் தடவைக்காரன்தான். மூணாவது முறையும் சமரசம் பேசினா, மூணாவது முறையும் முதல் தடவைக்காரன்தான். நாம போடற ஒவ்வொரு போனும் அவன் கணக்கை அழிச்சு, புது நோட்டு வாங்கிக் கொடுக்குது தோழர்களே. அந்த நோட்டுக்குக் காசு கொடுக்கிறது அந்தப் பொண்ணு.

இன்னொண்ணு. பின்தொடர்தல் குற்றம் சமரசமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலிலேயே இல்லை. கோர்ட்டில் மாஜிஸ்திரேட் முன்னாலேயே "பேசி முடிச்சுக்கிட்டோம்"னு சொல்லி இதை முடிக்க முடியாது. மாஜிஸ்திரேட்டுக்கே இல்லாத அதிகாரம் ஸ்டேஷன் பெஞ்சுக்கு எங்கிருந்து வந்தது? உங்க போனுக்கு எங்கிருந்து வந்தது?

"அட, சின்னப் பசங்க விவகாரம், இவ்வளவு பெருசாக்கணுமா" என்று கேட்பவர்களுக்காக ரெண்டு ஊர்ப் பேர் சொல்றேன்.

முதல் ஊர் கோதமங்கலம். மதுரை, தேனி, போடி, மூணாறு வழியாகக் கொச்சிக்குப் போகிற அதே ரோட்டில் இருக்கிற ஊர். 2021 ஜூலை 30. அங்கே பல் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவராக இருந்த ஒரு பெண்ணை, அவர் தங்கியிருந்த வீட்டுக்குள் புகுந்து ஒருவன் சுட்டுக் கொன்றான். தானும் சுட்டுக்கொண்டு செத்தான். அதற்குச் சில வாரங்கள் முன்னாடிதான் அந்தப் பெண்ணின் குடும்பம் கண்ணூரில் போலீஸிடம் போயிருந்தது. ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசினார்கள். இனிமேல் தொந்தரவு பண்ண மாட்டேன் என்று அவன் ஒத்துக்கொண்டான். வழக்கு வேண்டாம் என்று முடிந்தது. அவன் கையில் இருந்த துப்பாக்கி பீகாரிலிருந்து வந்தது என்று கேரள போலீஸ் பின்னால் கண்டுபிடித்து, அங்கே போய் ஆட்களைக் கைது செய்தது.

ரெண்டாவது ஊர் ஹரியானாவின் பல்லப்கர். 2020 அக்டோபர் 26. தேர்வு எழுதிவிட்டுக் கல்லூரியை விட்டு வெளியே வந்த 21 வயது மாணவியை நடுரோட்டில் காரில் ஏற்றப் பார்த்தார்கள். அவர் மறுத்தார். சுட்டுக் கொன்றார்கள். சிசிடிவியில் நாடே பார்த்தது. அதே ஆள் மீது 2018-லேயே கடத்தல் புகார் இருந்தது. ரெண்டு குடும்பமும் பேசி முடித்துக்கொண்டார்கள். கொலைக்கு அப்புறம் விரைவு நீதிமன்றம் ஐந்தே மாதத்தில், 2021 மார்ச்சில், ரெண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. துப்பாக்கி வாங்கிக் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மூன்றாவது ஆள் விடுதலை ஆனார்.

ரெண்டு ஊர், ரெண்டு மாநிலம், ஒரே வரிசை. முதலில் தொந்தரவு, அப்புறம் புகார், அப்புறம் சமரசம், அப்புறம் துப்பாக்கி. வழக்கு நடந்திருந்தால் அந்தப் பெண்கள் கட்டாயம் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அவன் ஜாமீனில் இருந்திருப்பான், நிபந்தனை இருந்திருக்கும், கோர்ட் வாய்தா இருந்திருக்கும். ஒரு கண் அவன் மேல் இருந்திருக்கும். சமரசம் அந்தக் கண்ணை மூடிவிட்டது.

நம்ம ஊருக்கு வருவோம். 1998-ல் சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர்கள் சீண்டியதில் ஒரு கல்லூரி மாணவி கீழே விழுந்து உயிரிழந்தார். அதற்கு அப்புறம்தான் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. முதலில் அதற்கு 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம் என்று பெயர். கேலி, கிண்டல் என்ற மாதிரி ஒலித்த அந்தப் பெயரை அப்புறம் மாற்றி, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று ஆக்கினார்கள். 2025 ஜனவரியில் சட்டமன்றம் அதில் தண்டனையை இன்னும் கூட்டியது. துன்புறுத்தியவன் அவளை எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு போடவும் வழிசெய்தது.

2022-ல் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு மாணவியை ரயில் முன்னால் தள்ளிக் கொன்றவனுக்கு, 2024 டிசம்பரில் மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அன்றைக்கு "சரியான தீர்ப்பு" என்று நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். ஒரு பொண்ணு செத்த பிறகு சட்டம் காட்டுகிற கடுமையைப் பார்த்துக் கைதட்டுகிறோம். அவள் உயிரோடு மனு எழுதிக்கிட்டு வரும்போது அதே சட்டத்தை ஒரு போனில் நிறுத்திவிடுகிறோம். இது என்ன நியாயம்?

சரி, துப்பாக்கியைப் பத்தித் தனியா ரெண்டு நிமிஷம். "தமிழ்நாட்டில் ஏது துப்பாக்கி" என்று அலட்சியமா இருக்காதீங்க. பீகாரில் வாங்கினது கேரளாவுக்கு வந்திருக்கு. நம்ம எல்லைக்கு மட்டும் யாரும் பூட்டுப் போட்டு வைக்கலை.

1959-ன் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே, சுடவே வேண்டாம், குற்றம். 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு அதற்குக் குறைந்தது ரெண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. கள்ளத் துப்பாக்கி செய்தால், விற்றால் குறைந்தது ஏழு ஆண்டு, ஆயுள் வரைக்கும் போகலாம்.

சட்டம் கடுமையா இருந்தால் போதுமா? வழக்கு நிற்கணும். துப்பாக்கியை எங்கே எடுத்தாங்க, யார் முன்னால எடுத்தாங்க என்று மகஜர் சரியா இருக்கணும். சீல் வைத்துத் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பி, இது உண்மையிலேயே சுடக்கூடிய துப்பாக்கிதான் என்று அறிக்கை வாங்கணும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தான் என்று வழக்குப் போட மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேணும். இது 39-வது பிரிவு. இந்த ஒரு காகிதம் இல்லையென்றால், கையும் களவுமாகப் பிடிபட்டவனும் வெளியே போக வழி இருக்கு. அதனால உங்க ஏரியாவில் இப்படி ஒரு வழக்கு பதிவானால், "பிடிச்சிட்டாங்க" என்று போஸ்டர் ஒட்டிட்டு வீட்டுக்குப் போகாதீங்க. அனுமதி வாங்கியாச்சா, அறிக்கை வந்தாச்சா என்று கேட்டுக்கிட்டே இருங்க.

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்தல் அறிவிச்சதும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்றாங்க இல்லையா? ஓட்டுக்குக் கொடுக்கிற அந்த மரியாதையை ஒரு பெண்ணின் உயிருக்கும் கொடுக்கணும். லைசென்ஸ் என்பது மிரட்டுவதற்கான அனுமதி கிடையாது. பொதுப் பாதுகாப்புக்கு அவசியம் என்று கருதினால் லைசென்ஸை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அதிகாரிக்கு 17-வது பிரிவு அதிகாரம் கொடுக்குது. வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிற ஒருவன் தொந்தரவு பண்றான் என்றால், அந்தத் தகவலை மனுவிலேயே எழுதுங்க. கலெக்டருக்கும் ஒரு நகல் அனுப்புங்க. "கொன்னுடுவேன்" என்று மிரட்டினாலே அது தனிக் குற்றம். ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. "கோவத்துல சொல்லிட்டான்" என்று யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

சகோதரிகளே, இனி உங்களுக்கு. மகளிர் அணி ஒவ்வொரு கிளையிலும் சொல்லிக் கொடுக்க வேண்டியது இது.

ஒண்ணு. "எனக்கு விருப்பமில்லை, இனி தொடர்புகொள்ளாதே" என்று ஒரே ஒரு முறை தெளிவா மெசேஜ் அனுப்புங்க. அப்புறம் பதில் போடாதீங்க. விருப்பமில்லாததைத் தெளிவாகக் காட்டினாளா என்றுதான் சட்டம் கேட்குது. அந்த மெசேஜ் அதற்குச் சாட்சி. நேரில் சொல்லியிருந்தாலும் செல்லும். எழுத்தில் இருந்தால் நிரூபிப்பது சுலபம்.

ரெண்டு. பயத்தில் எதையும் அழிக்காதீங்க. கோபத்தில் போனை மாத்தாதீங்க, சிம்மை உடைக்காதீங்க. மெசேஜ் வந்த அந்த போன்தான் மூல ஆதாரம். ஸ்கிரீன்ஷாட்டோ நகலோ கொடுத்தால் அதோட சான்றிதழ் வேணும். 2020-ல் உச்ச நீதிமன்றமே இதை உறுதியாகச் சொல்லியிருக்கு. புதுச் சாட்சியச் சட்டத்தில் 63-வது பிரிவு. வக்கீலிடம் முதல் நாளே இதைக் கேளுங்க. கடை வாசல் சிசிடிவி பதிவு சில நாட்களில் தானா அழிஞ்சிடும். அதை எடுத்துவைக்கச் சொல்லி மனுவிலேயே எழுதுங்க.

மூணு. சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வராதீங்க. எஃப்.ஐ.ஆர். கேளுங்க. புகாரில் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் தெரிந்தால் பதிவு செய்தே ஆகணும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு சொல்லியிருக்காங்க. பெண் அதிகாரிதான் வாக்குமூலம் பதிவு செய்யணும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைக்கழிக்க முடியாது. எங்கே போனாலும் பதியணும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்க. அதற்கும் அசையலைன்னா மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

நாலு. பொண்ணுக்கு 18 வயசு ஆகலைன்னா கதையே வேற. பாலியல் நோக்கத்தோடு ஒரு சிறுமியைப் பின்தொடர்வது போக்சோ சட்டத்தில் வரும். அதைத் தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருப்பதே குற்றம். பஞ்சாயத்து பேசி மறைத்த பிரமுகரும் கூண்டில் ஏறவேண்டி வரும். எந்தப் பதவியும் அங்கே காப்பாற்றாது.

தோழர்களே, இந்தச் சட்டத்தைத் தப்பாப் பிடிக்கிறவங்களும் இருக்காங்க. அதையும் சொல்லாமல் போனால் நான் பாதிதான் பேசினவன் ஆவேன். பொண்ணும் பையனும் விரும்புறாங்க. வேற சாதி. வீட்டுக்குப் பிடிக்கலை. உடனே "என் பொண்ணு பின்னால சுத்துறான்" என்று ஒரு மனு. அதற்கும் ஒரு கட்சிக்காரர் போன். சட்டம் கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அவள் வேண்டாம்னு சொன்னாளா? அப்பா வேண்டாம்னாரா, ஊர் வேண்டாம்னுதா என்பதெல்லாம் அந்தப் பிரிவில் எங்கேயும் இல்லை. அவள் "வேண்டாம்" என்றால் அவள் பக்கம் நில்லுங்க. வயது வந்தவள் "வேணும்" என்றால் அப்பவும் அவள் பக்கம்தான் நில்லுங்க.

"பையனோட எதிர்காலம்?" என்று யாரோ பின்னால கேட்கிறீங்க. நியாயமான கேள்வி. அவனுக்கு வக்கீல் வைக்க உரிமை இருக்கு. ஜாமீன் கேட்க உரிமை இருக்கு. வசதியில்லைன்னா இலவச சட்ட உதவியும் உண்டு. புகார் பொய்யென்றால் அதையும் கோர்ட்டே சொல்லும். எஃப்.ஐ.ஆர். போட்ட உடனே யாரும் குற்றவாளி ஆயிடறதில்லை. அவன் உங்க கிளைத் தம்பியாவே இருந்தாலும், வக்கீல் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. யாரும் தடுக்கலை. ஸ்டேஷனுக்கு மட்டும் போன் போடாதீங்க. அவனை உண்மையிலேயே காப்பாத்தணும்னா, முதல் தடவையிலேயே கோர்ட் படி ஏறட்டும். அதுதான் அவனை ரெண்டாவது தடவையிலிருந்து காப்பாத்தும்.

மாவட்டத் தலைமையிடம் இந்தக் கூட்டத்தின் சார்பில் மூணு வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, பெண்களுக்கு எதிரான எந்தப் புகாரிலும் சமரசம் பேச நம் நிர்வாகிகள் யாரும் ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது, போன் போடக் கூடாது. மீறினால் பொறுப்பு போகும் என்று எழுத்தில் அறிவிக்கணும்.

ரெண்டாவது, ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு வழக்கறிஞர், ரெண்டு மகளிர் அணி நிர்வாகிகள். மனு எழுத உதவணும், கூடப் போகணும், எஃப்.ஐ.ஆர். நகல் கையில் வரும்வரை அங்கேயே உட்காரணும். அந்தக் குடும்பம் நமக்கு ஓட்டுப் போட்ட குடும்பமா என்று கேட்கவே கூடாது.

மூணாவது, கேஸ் கோர்ட்டுக்குப் போன பிறகும் விடக் கூடாது. புகார் கொடுத்து 90 நாளில் விசாரணை எந்த அளவில் இருக்கு என்று போலீஸ் அவளுக்குத் தெரிவிக்கணும் என்பது புதுச் சட்டம். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறிச்சுவைங்க. வாய்தா நாளில் அவள் தனியாகப் போகக் கூடாது. எதிர்த்தரப்பில் பத்துப் பேர் வாசலில் நிற்கும்போது அவள் பக்கம் யாரும் இல்லாமல்தான் பல சாட்சிகள் பின்வாங்குறாங்க.

அவசரத்துக்கு 112. பெண்கள் உதவிக்கு 181. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமானச் சான்று இல்லாமலேயே இலவச வக்கீல் கிடைக்கும். இந்த மூணு நம்பரையும் கிளை அலுவலகச் சுவரில் தலைவர் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வைங்க.

நாளைக்கோ அடுத்த வாரமோ உங்களுக்கு ஒரு அழைப்பு வரும். "அண்ணே, ஸ்டேஷன்ல இருக்கான், ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பாங்க. தெரிஞ்ச குரலா இருக்கும். சொந்தக்காரனாக்கூட இருக்கும். "வக்கீல் நம்பர் தர்றேன், ஸ்டேஷனுக்குப் பேச மாட்டேன்" என்று சொல்லுங்க. அங்கே உட்கார்ந்திருக்கிற பொண்ணுக்கு உங்க பேர் தெரியப்போறதில்லை, நன்றியும் சொல்லப்போறதில்லை. ஆனா அவள் மனுவுக்கு ஒரு எண் விழும்.



#போன்_போடாதே #எஃப்ஐஆர்_போடு